கசப்புக் கஞ்சி

— அதத்தான் கேக்குறேன். தண்ணியில விழுந்தது கோவிந்தராஜு. ஆஸ்பத்திரி சீட்டுல எதுக்கு உங்க பேரு?

— நீலா, மொதல்ல காஞ்ச வேட்டி ஒண்ணு குடு. ஒடம்பெல்லாம் உப்புத்தண்ணி.

— வேட்டி கொடியில கெடக்கு. சீட்டுக்குப் பதில் சொல்லுங்க. கப்பல் டிக்கெட்டுல பாத்துப் பாத்து மனப்பாடமான எழுத்து இது. பக்தவத்சலம்னு எழுதியிருக்கா இல்லையா?

— எழுதியிருக்கு.

— அந்த டாக்டருக்கு என்ன பைத்தியமா?

— அரே, அவர் மேல ஒரு தப்பும் இல்ல. போன கப்பல்ல வந்த மனுஷன். ஸ்ட்ரெச்சர்ல பாத்ததுமே, "இவன் பக்தவத்சலம் இல்ல? ரெண்டு வாரம் முன்னாடி போட்டு ஓட்ட ஃபிட்னஸ் எழுதிக் குடுத்தேனே"ன்னாரு. நான் பக்கத்துலயேதான் நின்னேன். வாயத் தொறக்கல.

— உங்களுக்குல்ல எழுதிக் குடுத்தாரு? என்னங்க, தரையப் பாக்காதீங்க. என் மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க.

— அன்னிக்கு நான் போகல நீலா. என் பேர்ல அவனத்தான் அனுப்பினேன்.

— ஆண்டவனே! அப்ப அந்த நூத்திப்பத்து?

— அவனோட ப்ரெஷர்.

— நூத்திப்பத்துன்னு நீங்க வந்து சொன்னதும் தெருவுக்கே சக்கரப்பொங்கல் குடுத்தேனே! வங்காளி வீடு, தெலுங்குக்காரங்க வீடு, ஒண்ணு விடல. பூண்டு நசுக்கினது, வெந்தயம் ஊற வச்சது, ரத்தத்துல கொழுப்புன்னு கறிய நிறுத்தினது, எல்லாம் பலிச்சுருச்சுன்னு பூரிச்சுப் போயில்ல கெடந்தேன். இப்படி நெஞ்சறிஞ்சு பொய் சொல்லியிருக்கீங்களே!

— வேற என்ன பண்ணச் சொல்ற? மாத்திரைய வேளை தவறாம முழுங்குறேன், நீயே கையில வச்சுக் குடுக்குற. மொதல்ல நல்லாத்தான் கேட்டுச்சு. இந்த ஒரு மாசமா வேலையே செய்யல. வீலப் பிடிச்சா, போட்டு கட்டுற ஜெட்டி ரெண்டு ரெண்டாத் தெரியுது. அந்த லட்சணத்துல நானே போய் கைய நீட்டியிருந்தா, தீவ விட்டு அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுதான். குவார்ட்டர்ஸும் போச்சு, பெரார்கஞ்ச்ல சர்க்காருக்கு எழுதிப் போட்ட நெலமும் போச்சு. இவன் சின்ன வயசு, கயிறு வீசுற கலாசி, ஒரு நோய்நொடி கெடையாது. போயிட்டு வாடான்னா சிரிச்சுக்கிட்டே போனான்.

— நோய்நொடி இல்லாதவன் எப்படி விழுந்தான்?

— அதான் மாலும் நஹி, ஒண்ணும் புரியல. கயிறு வீசறதுக்கு எந்திரிச்சான். எந்திரிச்ச வேகத்துல கண்ணு சொருகி, போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல போயிட்டான். நான்தான் குதிச்சு இழுத்தேன். ப்ரெஷர் ஏகத்துக்கு எறங்கிக் கெடக்காம், நாடியே சிக்கலங்கிறாங்க. ஒரு மாசமாவே பய சரியில்ல. மூக்கு அடைக்குதுங்கிறான், நின்ன எடத்துல தூங்குறான், திடீர்னு அழுவுறான். ஊர் ஏக்கம்டான்னு கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சோம்.

— டாக்டர் என்ன சொல்றாரு?

— "பச்சில, வேருன்னு எதையாவது தின்னானா? தெரிஞ்சாத்தான்யா வைத்தியம் பண்ண முடியும்"னு கத்துறாரு. அவன் என்னத்தத் தின்னான்? மத்தியானம் மெஸ் சோறு, காலையில நம்ம வீட்டுக் கஞ்சி.

— எந்தக் கஞ்சி?

— கோவிச்சுக்காத. தூக்குல குடுத்து விடுவியே, அந்தக் கேப்பங்கஞ்சிதான். ஒரே கசப்பு நீலா, எனக்குத் தொண்டையில எறங்கல. கடல்ல கொட்டவும் மனசு வரல. அவனுக்குக் குடுத்துருவேன். "அக்கா குடுத்தது, கசந்தா என்ன"ன்னு வழிச்சுக் குடிச்சுட்டு, தூக்கையும் கழுவித் தருவான். ஏய், என்ன இப்படி உக்காந்துட்ட?

— தெனமுமா குடுத்தீங்க?

— ஒரு மாசமா, ஒரு நாள் விடாம.

— ஐயோ, நான் கொன்னுட்டேனே அந்தப் புள்ளைய! அதுல வேர்ப்பொடி போட்டேங்க. சர்ப்பகந்தா. சேக் தாவூத் பாய் கடையில வாங்கினேன், ரத்தக்கொதிப்ப அடக்கும்னு. "பலமான சரக்கும்மா, ஒரு சிட்டிகைக்கு மேல போகாத"ன்னு பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. தல இடிக்குதுன்னு நீங்க பொலம்பப் பொலம்ப, நான்தான் ஒரு ஸ்பூனா ஆக்கினேன்.

— ஒரு ஸ்பூனா? அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?

— சொன்னா குடிப்பீங்களா? நாட்டு மருந்துன்னாலே மூஞ்சத் திருப்புவீங்க. ஆள மாத்தி அனுப்பினத நீங்க மட்டும் என்கிட்ட சொன்னீங்களாக்கும்!

— பஸ், போதும். அழுவாத, எந்திரி. அந்தப் பொடிய டப்பாவோட எடு. டாக்டர்கிட்ட காட்டணும்.

— காட்டினா எல்லாமே வெளிய வந்துருமேங்க. உங்க வேல...

— போனா போவுது. அவன் செத்துட்டா ரிஜிஸ்டர்ல பக்தவத்சலம் செத்தான்னு எழுதுவாங்கடி. கடலூர்ல அவங்கம்மா, மகன் காயிதம் வருமா வருமான்னு உக்காந்திருப்பா. அந்தப் பாவம் தீர எந்தக் கடல்ல போய் முழுக?

— இருங்க, நானும் வரேன். போட்டவ நான், என் வாயாலயே சொல்றேன்.

— ஜல்தி வா. அதுக்கு முன்னாடி என் மாத்திரையில ரெண்டு குடு. மண்ட வெடிக்குது, இந்தப் பக்கத்துக் கண்ணு மங்கலா இருக்கு. மேடேறி ஆஸ்பத்திரி வரைக்கும் போவணும். என்ன நிக்குற? குடு.

— அது வேணாங்க.

— ஏன்?

— "இங்கிலீஷ் மாத்திரையையும் இந்த வேரையும் சேத்து மட்டும் குடுத்துராதம்மா"ன்னு பாய் சொன்னாரு. பொடி வாங்கின அன்னிக்கே உங்க மாத்திரை அத்தனையும் அடுப்புல போட்டுட்டேன். ஒரு மாசமா நான் உங்க கையில வச்சது வயித்து உப்புசத்துக்குத் திங்கிற சோடா மாத்திரைங்க.