துவைக்கற கல்லுக்கு அடியில

— செருப்பைக் கழட்டாதீங்க தம்பி. உள்ள வாங்கன்னு நான் இன்னும் சொல்லல.

— சின்ன வேலைதான் அக்கா. குண்டு பல்பை எடுத்துட்டு எல்.இ.டி. மாட்டணும், ஒழுகற குழாயை அடைக்கணும். எல்லாம் இலவசம்.

— அதான் பயமா இருக்கு. இலவசம்பீங்க, அப்புறம் பில்லுல ஏத்துவீங்க.

— கஷ்டப்படற வீட்டுல கரண்ட், தண்ணி செலவு குறையட்டும்னுதான் இந்தத் திட்டமே. உங்க வீட்டுக்காரர்தான் பேர் குடுத்தார்.

— அவரா? வீட்டுல தீப்பெட்டி தீர்ந்தாக்கூட கண்ணுல படாது அவருக்கு. அவரு போய்...

— கடைத்தெருவுல மேசை போட்டிருந்தோம். வரிசையில நின்னு குடுத்தார்.

— வேற என்ன சொன்னார்?

— வேறென்ன... தண்ணி பில் ஏறுதுன்னார்.

— ம்ம்... சரி, வாங்க. சட்டுனு முடிங்க.

— பல்பு ஆச்சு. சமையக்கட்டுக் குழாய்க்கு வாஷர் மாத்தியாச்சு. கக்கூஸ் தொட்டியும் இனி சொட்டாது. எல்லாக் குழாயையும் மூடிட்டீங்கல்ல?

— மூடியாச்சு, மூடியாச்சு. கிளம்புங்க.

— அப்ப தண்ணி மீட்டர் ஏன் இன்னும் ஓடுது?

— அது பழசு. அதுக்குக் கிறுக்கு.

— பின்னாடி குழாய் ஏதாவது...

— பின்னாடி ஒண்ணும் இல்ல! துவைக்கற கல்லுதான். பாசி வழுக்கும், போகாதீங்க.

— பார்த்துதான் வந்தேன் அக்கா, வழுக்கல. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?

— நாத்தனார். இவரோட தங்கச்சி. ஒரே வீடா இருந்ததுதான். அண்ணனும் தங்கச்சியும் சண்டை போட்டு, நடுவுல சுவர் வெச்சுட்டாங்க. அவளுக்குப் போற தண்ணிக் குழாயையும் இவரே அறுத்து விட்டுட்டார். ஒரு சொட்டு அங்க போச்சுன்னா நீயும் பின்னாடியே போயிடுன்னார் என்னை.

— நீங்க பேசறதுண்டா அவங்களோட?

— நானா? அவ இருக்கற பக்கமே திரும்பறதில்ல.

— அக்கா... கல்லுக்கு அடியில இந்தப் பச்சை ஓஸ் எங்க போகுது?

— அதைத் தொடாதீங்க தம்பி!

— சுவத்துல ஓட்டை போட்டு—

— மெதுவா பேசுங்க! கைக்குழந்தைக்காரி தம்பி அவ. குழந்தை ஒரு இடுப்புல, குடம் ஒரு இடுப்புல... தெருக்குழாய்ல போய் நிக்கறா. எப்படிப் பார்த்துட்டு இருக்கறது? இவர் வேலைக்குப் போனதும் திறப்பேன், வர்றதுக்குள்ள மூடிடுவேன்.

— அக்கா, நான் வந்து...

— எனக்குத் தெரியும். வேவு பார்க்கத்தானே அனுப்பினார்? வாயைத் திறந்து சொல்லுங்க!

— அவர்தான் அனுப்பினார். ஒழுகற எல்லாத்தையும் அடைச்சு, ரெண்டு வீட்டுத் தண்ணியையும் ஒரே பில்லு தாங்கற மாதிரி பண்ணிக் குடுங்கன்னார். கல்லுக்கு அடியில மட்டும் ஒரு ஒழுகல் இருக்கும், அதைத் தொட்டுடாதீங்க, அது எனக்குத் தெரியும்னு என் பொண்டாட்டிக்குத் தெரிய வேணாம்னார். ஓஸ்னு சொல்லல, ஒழுகல்னுதான் சொன்னார், வெறும் ஒழுகலுக்கு மீட்டர் இவ்வளவு ஓடாதேன்னு தேடிட்டேன்... நான் உளறினதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா.