ஓட்டைக்கு அந்தப் பக்கம்

இத்ரிஸ்: இதென்னடா எம்லின், சுவர்ல பீரங்கி பட்டுடுச்சா?

எம்லின்: கண்ணாடிக் கதவு வைக்கப் போறோம். தோட்டம் தெரியணும்னு நெரிஸ் கேட்டா.

இத்ரிஸ்: தெரியும் தெரியும். மாடி கீழ வந்துட்டா வானமும் தெரியும்.

எம்லின்: முட்டுக் கொடுத்திருக்கேன், கண்ணு தெரியலையா?

இத்ரிஸ்: முட்டு நல்லாத்தான் இருக்கு. இங்க புல்லு மேல கிடக்கே, இது என்ன?

எம்லின்: லிண்டல். கதவுக்கு மேல சுவரைத் தாங்கத்தான்.

இத்ரிஸ்: ஓ... லிண்டலா! திரைச்சீலை மாட்டற கம்பின்னு நினைச்சேன்.

எம்லின்: போன வேலையில மிஞ்சினது. நல்ல ஸ்டீல். வீணா எதுக்குத் தூக்கிப்போடணும்னு...

இத்ரிஸ்: அந்த வேலையில உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு?

எம்லின்: ரெண்டு அங்குலம்.

இத்ரிஸ்: இங்க?

எம்லின்: ...நாலு.

இத்ரிஸ்: அருமை. உள்சுவர் லிண்டல் மேல உக்காந்துக்கும். வெளிச்சுவர்ச் செங்கல் எல்லாம் காத்துல உக்காருமா?

எம்லின்: நுனியில கொஞ்சம் ஒட்டும்...

இத்ரிஸ்: ஒட்டுமா! செங்கல் என்ன தபால்தலையா? மாடித் தரையோட பாரம் எந்தச் சுவர்ல இறங்குது?

எம்லின்: இதுலதான்.

இத்ரிஸ்: அதுக்கு இந்த லேசான ரகம். கோழிக்கூண்டுக்குப் போடறதை எடுத்துட்டு வந்திருக்கார் துரை. நீளமாவது சரியா இருக்கா?

எம்லின்: ஒவ்வொரு பக்கமும் மூணு அங்குலம் சுவர் மேல உக்காரும்.

இத்ரிஸ்: ஆறு வேணும்டா!

எம்லின்: மூணும் மூணும் ஆறுதானே?

இத்ரிஸ்: கடவுளே... இருபது வருஷம் என்கூடச் சுவர் கட்டினவன் பேசற பேச்சா இது?

எம்லின்: அந்த இருபது வருஷத்துல என்னை எங்க பேச விட்ட?

இத்ரிஸ்: பேச விட்டதாலதான்டா என் பொண்டாட்டியா இருந்த நெரிஸ் உன்கூட வந்துட்டா.

எம்லின்: முட்டு லூஸா இருக்கான்னு பார்க்கறேன்.

இத்ரிஸ்: சரி, விடு. மூஞ்சியத் தொங்கப் போடாதே. லிண்டல் மாதிரியே வளையுது.

எம்லின்: மழை தூறுது. உள்ள வா, டீ போடறேன்.

இத்ரிஸ்: இங்கயே நல்லாத்தான் இருக்கு.

எம்லின்: நனையறியே.

இத்ரிஸ்: மழை ஓயாத லனெல்லி ஊர்க்காரன்டா நான். நனையலேன்னாத்தான் சளி பிடிக்கும்.

எம்லின்: நெரிஸ் உன்னை விட்டுட்டு வந்ததுலேருந்து நீ இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கல. இந்த ரூமுக்கு மேல யார் படுக்கப் போறான்னு தெரியுமா?

இத்ரிஸ்: லொவ்ரி. கைக்குழந்தையோட வர்றா. என் பொண்ணைப் பத்தி எனக்கே செய்தி வாசிக்கிறியா?

எம்லின்: அப்பா உள்ள வருவாரான்னு கேட்டுக்கிட்டே இருக்கா.

இத்ரிஸ்: குழந்தையை ஜன்னல்ல காட்டச் சொல்லு. தோட்டத்துலேருந்து பார்த்துக்கறேன்.

எம்லின்: ஆமா, குழந்தை என்ன, ராணியா? பால்கனியில வந்து கையசைக்க?

இத்ரிஸ்: இந்தத் தகரத்தை நீ மேல ஏத்தினா, தொட்டிலோட சமையலறைக்கே வந்துடும். அப்போ பார்த்துக்கறேன்.

எம்லின்: அதான் விழுந்தடிச்சு ஓடி வந்தியா? யார் சொன்னா?

இத்ரிஸ்: இரும்புக்கடை ஹியூ. அவன் கடையில நின்னு, மிச்ச லிண்டலைப் போடப் போறேன்னு பீத்திக்கிட்டியாமே.

எம்லின்: அவன் வாய்க்கு ஊர்ல எவனும் பூட்டுப் போட முடியாது. அதான் அவன்கிட்ட சொன்னேன்.

இத்ரிஸ்: என்ன?

எம்லின்: நேராக் கூப்பிட்டா வந்திருப்பியா? தப்பான லிண்டல்னு கேள்விப்பட்டா நீ சவப்பெட்டியத் திறந்துக்கிட்டாவது வருவே.

இத்ரிஸ்: அடப்பாவி!

எம்லின்: திட்டு, பரவாயில்ல. சரியானதை நாளைக்குப் போய் வாங்கிட்டு வரேன்.

இத்ரிஸ்: வாங்காதே. கதவு வைக்கப் போறாங்கன்னு லொவ்ரி சொன்ன அன்னிக்கே நான் வாங்கிட்டேன். நாலு அங்குல இடைவெளிக்கு, கனமான ரகம். அதை வேன்ல போட்டுக்கிட்டு, உள்ள வர ஒரு சாக்குக் கிடைக்காம இந்தத் தெருவையே சுத்திக்கிட்டிருந்தேன்... வழியில நிக்காதே, நகரு. முதல்ல டீயைப் போடு.