ஒபெய்திக்கு ஒரு தங்கை

ஒரு விதையின் நிறம்தான் என்னை இந்த மேடைக்கு இழுத்து வந்திருக்கிறது.

அவையை நடத்தும் சங்கத் தலைவர் அபூ நக்லே அவர்களே, ஆண்டுதோறும் நம் முதற்குலையை ஆசீர்வதிக்கும் பங்குத்தந்தை அவர்களே, பெக்கா சமவெளியில் தம் முதுகை வளைத்து எங்களை நிமிர்த்திய பெரியோர்களே, கூடை சுமந்த தோளோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

“கேக்கலை, சத்தமாப் பேசு” என்கிறார் தானியோஸின் தாய், நம் உம் தானியோஸ். பேசுகிறேன் அத்தை.

நமக்கு வெள்ளை ஒயின் என்றால் ஒபெய்தித் திராட்சைதான். திருமணத்துக்கு ஒபெய்தி, திருமுழுக்குக்கு ஒபெய்தி, துக்க வீட்டிலிருந்து திரும்பினாலும் ஒபெய்தி. பேரிக்காய்த் தோலும் தேனும் கலந்த அந்த மணம் இல்லாமல் நமக்கு விருந்து உண்டா? மலைமேல் நிற்கும் மெர்வாத் திராட்சைக்கோ நாம் வைத்த பெயர் புளிச்ச கொடி. காடிக்கு ஆகும், கோப்பைக்கு ஆகாது. அதனால்தான் வரும் திங்களன்று இயந்திரம் மலையேறி, சரிவில் உள்ள ஆறு அடுக்கு நிலத்துக் கொடிகளையும் பிடுங்கப்போகிறது. அங்கே ஆப்பிள் வைப்பதாகத் திட்டம். அந்தக் கொடிகளை இருபது ஆண்டுகளாகக் கவாத்து செய்து வருபவர் என் தாய் வர்தே.

சிலுவைத் திருநாள் மாலையில் மலையுச்சிகளில் தீ எரியும்முன் கடைசிக் கூடை இறங்கிவிட வேண்டும் என்பது நம் வழக்கம். அதற்குப் பிறகும் குலை தொங்கினால் அது சோம்பேறியின் தோட்டம். சென்ற ஆண்டு மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. ஒரு மாதம் கழித்துப் பாதை திறந்தபோது, கோழிகளுக்காவது ஆகட்டும் என்று அம்மாவும் நானும் ஏறினோம்.

ஒரு பழத்தை வெயிலுக்கு நேரே பிடித்தேன். தோலுக்குள் விதை தெரிந்தது. நாம் பறிக்கும் மெர்வாவின் விதை பச்சையாகத்தானே இருக்கும்? இது வாதுமைத் தோல்போலப் பழுப்பு, நன்றாக முற்றிய விதை.

“சீக்கிரம் வெட்டுடி. யாராவது பாத்தா மானம் போயிரும்.”

“இத ஒண்ணு கடிச்சுப் பாரும்மா.”

கடித்தார். வாய் ஓயாதவர் என்று இந்தச் சபையே அறிந்த என் தாய், அந்த வரிசை முடியும்வரை பேசாமல் வெட்டினார். சிரிக்காதீர்கள், மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு கூடை. மிதித்தோம், கண்ணாடிக் குடுவையில் அடைத்தோம், பனி உருகும்வரை தொடவில்லை. திறந்த அன்று முகர்ந்தேன். அக்காவின் காலடியோசை என்று திரும்பினால் தங்கை நிற்பாளே, அப்படி இருந்தது. அதே பேரிக்காய், அதே தேன். அவற்றின் பின்னே, மழை நனைத்த கல்லின் வாசம்! ஒபெய்தியிடம் நான் அறியாத வாசம். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டேன்.

தலைவர் வீட்டுக்கு ஒரு கோப்பை கொண்டுபோனோம். அவர் ஒரு வாய் குடித்தார்.

“ஒபெய்தியா? இல்லையே... ஆனா அதோட ரத்தம். எந்த ஊர்ச் சரக்கு, வர்தே?”

“நீங்க பிடுங்கச் சொன்ன சரக்குதான் அண்ணே.”

“இது ஒரு வருஷத்து அதிர்ஷ்டம்மா. இத நம்பி ஆறு அடுக்க விட முடியுமா?”

தலைவர் அவர்களே, மறுக்கத் துணிகிறேன். பாதையை அடைத்தது அதிர்ஷ்டம். பழத்தைப் பழுக்க வைத்தது காலம். சமவெளியின் வெயில் வேறு, மலையின் குளிர் வேறு. பிறகு இரண்டுக்கும் ஏன் ஒரே நாள் குறித்தோம்? அவசரம் நம்முடையது, புளிப்பென்ற பழி கொடியினுடையது. எத்தனை தலைமுறையாக நம் தலைக்கு மேலேயே நின்றிருக்கிறாள் இந்தத் தங்கை! ஒருவருக்கும் தெரியாமல் எப்படி நின்றாள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

திருநாள் தீ எரியட்டும். மணி ஒலிக்கட்டும். மலைக்குலைகள் மட்டும் ஒரு மாதம் காத்திருக்கட்டும். சோம்பேறி என்பவர் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கேட்பது ஒரே ஓர் அறுவடை.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. இந்த மண்ணைக் கொத்திய கைகளுக்கெல்லாம் சுகம், உங்கள் எல்லோர்க்கும் அமைதி. கொடிகளைப் பிடுங்குவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் அந்தக் கைகளை எண்ணுவதற்கு முன், தலைவர் ஐயா, ஒரு நிமிடம் கொடுங்கள். எல்லோரும் ஒரு வாய் சுவைத்துப் பார்க்க, குடுவையோடு கீழே இறங்கி வருகிறேன்.