கைத்தடி மாட்டிய பல்சர்

பெயர் க. பொன்னி, வயது 31. தகப்பனார் பெயர் கருப்பன், விவசாயம். கணவர் பெயர் என்ற இடத்தில் கோடு போடச் சொன்னேன். முகவரி: வேங்கிக்கால், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் உள்ள புது மனைப் பகுதியில் வாடகை வீடு. தொழில்: தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீசியன். பதிவு செய்த நாள் 10.08.2025 ஞாயிறு, பகல் 1.15 மணி. எழுதுபவர் தலைமைக் காவலர் அருணகிரி. உடன் இருப்பவர் பெண் காவலர் அருணாதேவி.

நான் மேற்கண்ட முகவரியில் ஆறு வருடமாக வசித்து வருகிறேன். என் பத்தொன்பதாவது வயதில் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்து வலது முழங்கால் உடைந்து, பிளேட் வைத்து, அதன் பிறகு அந்தக் கால் மடங்குவதில்லை. கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறேன். படுக்கையில் கிடக்கிறவர்கள், வயதானவர்கள் வீடுகளுக்குக் காலையில் நேரில் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. அதற்கு வண்டி வேண்டும். நான்கு வருடம் முன்பு என் சித்தப்பா மகனிடம் இருந்து 2011 மாடல் பல்சர் 150 ஒன்றை வாங்கி என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். மூன்று சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று எல்லோரும் கேட்டார்கள், இன்று காலை இந்தக் காவல் நிலையத்திலும் கேட்டார்கள். எனக்கு பைக் பிடிக்கும். சின்ன வயதில் இருந்தே பிடிக்கும். கால் மடங்காதவளுக்கு பைக் பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

மேற்படி வண்டியை வேங்கிக்காலில் லேத் பட்டறை வைத்திருக்கும் தருமன் என்பவரிடம் கொண்டு போனேன். அவரும் நானும் நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் சேர்ந்து வேலை செய்தோம். என்னை வண்டியில் உட்கார வைத்து, நீட்டிய கால் எங்கே வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, வலது பக்க ஃபுட்ரெஸ்ட்டை ஒரு சாண் முன்னாலும் நாலு விரல் கீழேயும் தள்ளி வெல்டிங் வைத்தார். இடது பக்க ஃபுட்ரெஸ்ட் கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கிறது. வலது காலால் பிரேக் மிதிக்க முடியாது என்பதால் பின் பிரேக்குக்குக் கேபிள் இழுத்து, இடது கையில் கிளட்ச் பிடிக்குக் கீழே இரண்டாவது பிடி ஒன்று வைத்தோம். அதன் பிறகு சீட்டின் வலது ஓரத்தைத் தொடை அழுந்தாதபடி சீவினோம். அதன் பிறகு வண்டியின் இடது பக்கம் கைத்தடி மாட்ட இரண்டு கொக்கி வைத்து, தடி ஆடிச் சத்தம் போடாமல் இருக்க உள்ளே பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். அந்த டியூபை வெட்டியது நான். இந்த மாற்றங்கள் முறைப்படி சோதிக்கப்பட்டு என் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கின்றன.

11.03.2025 செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குச் செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்க மாடிக்குப் போனேன். பத்து நிமிடத்தில் இறங்கி வந்தேன். சாவி என் கையில் இருந்தது, வண்டி இல்லை. அன்றே பத்து மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்து எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். அப்போது என் புகாரை வாங்கியவர் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் தலைமைக் காவலர் அருணகிரி அவர்கள்தான். "ஏம்மா, இந்த மாதிரி வண்டிய எவன் எடுத்துனு போய் இன்னா பண்ணப் போறான், பக்கத்துலதான் எங்கனா நிக்கும், நல்லா தேடிப் பாருங்க" என்று சொன்னார். இதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

அதன் பிறகு நான்கு முறை நிலையத்துக்கு நடந்தேன். வழக்குப் பதிவாகவில்லை, ரசீதும் தரவில்லை. வண்டி இல்லாததால் வீடு வீடாகப் போகும் வேலையில் இருந்து என்னை எடுத்துவிட்டு மேஜையில் சீட்டு எழுதும் வேலையில் உட்கார வைத்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் வண்டி ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த வேலையும் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போனதில் மே மாதம் படிக்கட்டில் விழுந்து என் பழைய மரக் கைத்தடி உடைந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்பவும் பஸ் படிக்கட்டில் விழுந்தேன். ஜூன் மாதம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நடந்த முகாமில் எனக்குப் புது அலுமினியக் கைத்தடி கொடுத்தார்கள்.

இந்த மாதம் 7ஆம் தேதி தருமன் என்னைப் பட்டறைக்கு வரச் சொல்லி அவருடைய போனைக் காட்டினார். மலையடி மோட்டார் நண்பர்கள் என்று ஒரு குழு இருக்கிறது. கார், பைக் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டியில் என்னென்ன மாற்றினோம் என்று படம் போட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். அதில் ரமணாசிரமம் பக்கம் தங்கும் விடுதி நடத்தும் அருண்பிரசாத் என்பவர் ஒரு பல்சரின் படம் போட்டிருந்தார். கறுப்பாக இருந்த டேங்க் பச்சையாக இருந்தது, சைலன்சரும் நம்பர் பிளேட்டும் வேறாக இருந்தன. ஆனால் வலது ஃபுட்ரெஸ்ட் ஒரு சாண் முன்னால் இருந்தது. இடது கையில் இரண்டு பிடிகள் இருந்தன. இரண்டு கொக்கிகளும் இருந்தன. எட்டு மாதம் ராப்பகலாக உழைத்துத் தானே கையால் செய்ததாகக் கீழே எழுதியிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள்.

மேற்படி குழுவினர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு செங்கம் ரோட்டில் ஒரு காலி மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். அவரவர் வண்டி பக்கத்தில் நின்று என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில் தெரியாதவர் வண்டியை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். இது அவர்கள் வழக்கம். இன்று காலை ஒன்பது மணிக்கு நானும் தருமனும் ஷேர் ஆட்டோவில் அங்கே போனோம். என் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது. அதற்குப் பின்னால் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. வண்டியை அதில் ஏற்றித்தான் கொண்டு வந்திருந்தார்கள். சேசிஸ் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருப்பதைத் தருமன் குனிந்து பார்த்துச் சொன்னார்.

என் முறை வந்ததும் நான் கேள்வி கேட்டேன். வலது ஃபுட்ரெஸ்ட் மட்டும் ஏன் முன்னால் இருக்கிறது என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எல்லா வண்டி மாதிரியும் ஆயிடும்ங்க, இது ஒரு லுக்கு" என்றார். கைதட்டினார்கள். இடது கையில் எதற்கு இரண்டாவது பிடி என்று கேட்டேன். ரேஸ் பைக்கில் இப்படித்தான் வரும் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். சீட்டை ஏன் ஒரு பக்கம் சீவியிருக்கிறீர்கள் என்றதற்குக் காற்று போக என்றார். கொக்கி எதற்கு என்று கேட்டதற்குக் கேமரா ஸ்டாண்டு மாட்ட என்றார். நான் கைத்தடி ஊன்றி அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னுடைய நொண்டிக் காலுக்கு வைத்த அளவை என் கண் முன்னாலேயே ஒருவர் அழகு என்று விற்கிறார், ஐம்பது பேர் கைதட்டுகிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். டயரில் தூசி படக் கூடாது, இது காட்சிக்கு வைக்கிற வண்டி என்றார். குழுத் தலைவர் பாலாஜி என்பவர் வந்து, "மேடம், நீங்க கேட்டீங்க, அவரு சொல்லிட்டாரு, அடுத்தவங்களுக்கு வழி விடுங்க" என்றார். இது என் வண்டி என்று சொன்னேன். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினேன். நம்பர் வேறு என்று திருப்பிக் கொடுத்தார்கள். நம்பர் பிளேட்டை மாற்ற இரண்டு ஸ்க்ரூ போதும் என்பது வண்டியைப் பிரித்துச் சேர்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கடைசியாக, உட்கார்ந்தாவது பார்க்கலாமா என்று கேட்டேன். அருண்பிரசாத் சிரித்து, "தாராளமா உக்காருங்க, போட்டோ கூட எடுத்துக்கோங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன். கால் தானாகப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. கைத்தடியை இடது பக்கக் கொக்கியில் மாட்டினேன், டியூப் இன்னும் பிடித்தது. சைலன்சர் சத்தம் கேட்பதற்காகச் சாவியை வண்டியிலேயே விட்டிருந்தார்கள். ஸ்டார்ட் செய்தேன். அதன் பிறகு ஓட்டினேன்.

ஊரை விட்டு ஓடவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. நேராக இந்த நிலையத்துக்கு ஓட்டி வந்து 10.20க்கு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். வண்டி திருடியவள் அதைக் காவல் நிலையத்திலா கொண்டு வந்து நிறுத்துவாள் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் குட்டி யானையில் அருண்பிரசாத்தும் பாலாஜியும் வந்து சேர்ந்தார்கள். நான் தன் வண்டியைத் திருடியதாக அருண்பிரசாத் கொடுத்த புகார் நாற்பது நிமிடத்தில் பதிவானது. என் புகார் ஐந்து மாதமாகியும் பதிவாகவில்லை. தருமன் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சாட்சி சொல்கிறேன் என்றதற்கு, நீ அவங்க ஆளு என்று வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

அந்தப் புகார் பதிவாகும் வரை நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது கைத்தடியை எடுக்கப் போனேன். வண்டியில் இருக்கும் எதையும் தொடக் கூடாது, எல்லாம் அப்படியே கைப்பற்ற வேண்டும் என்று காவலர்கள் சொன்னார்கள். பெண் காவலர் அருணாதேவி அவர்கள் என் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் நல்லபடியாகவே நடந்துகொண்டார். தண்ணீரும் கொடுத்தார்.

அதன் பிறகு பக்கத்து மேஜையில் கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, இது உங்களுடையதா என்று அருண்பிரசாத்திடம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றார். ஒன்பதாவதாக, வண்டியின் இடது பக்கம் பொருத்தப்பட்ட வளைந்த பிடியுள்ள அலுமினியக் குழாய் ஒன்று என்று படித்தார்கள். அதற்கும் ஆமாம் என்றார். எல்லாம் எட்டு மாதமாகத் தானே வடிவமைத்துப் பொருத்தியவை, ஏப்ரல் கடைசியில் வேலை முடிந்தது, அதன் பிறகு எதையும் சேர்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர் பேனாவை மூடும் வரை நான் வாய் திறக்கவில்லை. இன்று காலையில் இருந்து நான் பொறுமையாக இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

இப்போது சொல்கிறேன். ஒன்பதாவது பொருள் என் கைத்தடி. மார்ச் மாதம் வண்டி காணாமல் போனபோது அது என் கைக்கே வந்திருக்கவில்லை. ஜூன் 18ஆம் தேதி முகாமில் எனக்குக் கொடுத்தது. என்னுடைய மாற்றுத்திறனாளி அடையாளப் புத்தகத்தில் தேதியும் எண்ணும் பதிவாகியிருக்கின்றன, புத்தகம் இதோ இருக்கிறது. அதே எண் தடியின் அடியில் ரப்பர் குமிழுக்கு உள்ளே குத்தப்பட்டிருக்கிறது. கழற்றிப் பாருங்கள். ஏப்ரலில் முடித்த வண்டியில் ஜூனில் எனக்குக் கொடுத்த தடி எப்படி வந்தது என்று அவரையே கேளுங்கள். மைதானத்தில் கேட்டால் லுக்கு என்று சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். இங்கே கேளுங்கள்.

என் வண்டியைத் திருடியவர் அருண்பிரசாத்தான் என்று நான் சொல்லவில்லை. யாரிடம் வாங்கினார், எந்தப் பழைய வண்டியின் ஆர்.சி.யை இதற்கு ஒட்டினார் என்பது அவருக்குத் தெரியும், அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஆனால் தானே செய்தேன் என்றாரே, அதை நான் மன்னிக்க மாட்டேன். நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அவை, எனக்கும் தருமனுக்கும் சொந்தமானவை. வழக்கு முடியும் வரை வண்டி இங்கேயே நிற்கட்டும், ஆனால் வலது ஃபுட்ரெஸ்ட்டை யாரும் பழைய இடத்துக்குத் தள்ளிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுந்து மேஜைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என் கைத்தடி புகார்தாரரின் சொத்து என்று இந்த நிலையத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே என்னால் எழுந்து வர முடியாது. தாளை நாற்காலிக்குக் கொண்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தார்கள்.

எனக்குப் படித்துக் காட்டியதைக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டவோ சொல்லிக் கொடுக்கவோ இல்லை. இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. பொன்னி

எழுதியவர் குறிப்பு: பகல் 2.40 மணிக்குப் பெண் காவலர் அருணாதேவி, சாட்சி தருமன் முன்னிலையில் ஒன்பதாவது பொருளின் ரப்பர் குமிழ் கழற்றிப் பார்க்கப்பட்டது. உள்ளே உள்ள எண் அடையாளப் புத்தகத்தில் உள்ள எண்ணுடன் ஒத்துள்ளது. மேற்படி கைத்தடி பட்டியலில் இருந்து நீக்கப்பட்டு க. பொன்னி வசம் ஒப்படைக்கப்பட்டது. 11.03.2025 தேதியிட்ட அவருடைய புகார் இன்று பதிவு செய்யப்பட்டது. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே சென்ற புகார்தாரர் அருண்பிரசாத் மாலை 5 மணி வரை நிலையத்துக்குத் திரும்பவில்லை. அவர் வந்த குட்டி யானை வாசலிலேயே நிற்கிறது.

(ஒப்பம்) அருணகிரி, தலைமைக் காவலர்