ஆற விட்ட மா

கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்தால், சூடு ஆறுமுன் உடைத்து அரித்துவிட வேண்டும். ஆற விட்டால் கல்லாகிவிடும். பிட்டு அவிக்கும் எங்கள் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் என்னை விசாரித்த பொலிசார் எவருக்கும் தெரியவில்லை. அதனால் நானாகவே உங்களிடம் வாக்குமூலம் தர வந்திருக்கிறேன்.

என் பெயர் லூர்து. ஊர் மன்னார், இருப்பது இந்நகரின் ஒரேத்தோப் பகுதியில். நகருக்கு வெளியே உள்ள ஹெலிகொப்டர் கழகத்தின் குசினியில் ஒன்பது வருடமாக வேலை. மிதுசன் என்ற எங்கள் பொடியனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் நான்தான்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் கழகத்தார் கூடி விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் தொங்கும் வாளியைத் தண்ணீர் சிந்தாமல் மேசையில் இறக்க வேண்டும். பிறகு மேலே நின்று மாப்பொட்டலத்தை வட்டத்துக்குள் போட வேண்டும். மெல்லிய கடதாசியில் ஒரு கைப்பிடி மா வைத்து நான் கட்டிக் கொடுப்பேன். விழுந்த தூரத்தை மிதுசன் அளப்பான். ஒருமுறை பொட்டலம் அவன் தோளில் விழுந்து வெடித்தது. வெள்ளையாக நின்று ஆடிக் காட்டினான். அடுத்த வருடம் கெல்மெற் போட்டு அவனையே வட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள்.

"உன்னைக் குறி வைச்சுப் போடுறாங்கள், நீ சிரிக்கிறாய்" என்றேன்.

"பவுடர் பூசி மாப்பிளையாக்கி விடுறாங்கள் அண்ணை. நீங்களும் வாங்கோவன். உங்கடை உடம்புக்கு ரெண்டு பொட்டலம் காணாது."

நானும் சிரித்தேன்.

இந்த வருடம் எங்களில் ஒருவருக்குத்தான் வேலை ஒப்பந்தம் என்று தலைவர் சொன்னார். இங்கே தங்குவதற்கான என் அனுமதி, பெர்மெசோ, டிசம்பரில் முடிகிறது. புதுப்பிக்க ஒப்பந்தம் காட்ட வேண்டும். மிதுசனுக்கும் அதே நிலைதான். அவன் இல்லாமல் போட்டி ஏது என்று விமானிகள் பேசிக்கொண்டார்கள். என் சமையலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

போட்டியன்று காலை பதினொரு பொட்டலங்களைப் பச்சை மாவில் கட்டினேன். பன்னிரண்டாவதற்கு அவித்து, உடைக்காமல் ஆற விட்டேன். தோள்மூட்டு விலகினால் போதும், இரண்டு மாதம் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

அதை விமானியிடம் கடைசியாகக் கொடுத்தேன். ஹெலிகொப்டர் அவனுக்கு நேர் மேலே அசையாமல் நின்றது. பொட்டலம் வெடிக்கவில்லை. அவன் விழுந்ததும் விளையாட்டென்று சனம் கை தட்டியது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். ஈரத்தில் மா இறுகிவிட்டதாக விசாரித்தவர்கள் எழுதினார்கள். போட்ட விமானி அதன்பின் பறக்கவில்லை. ஒப்பந்தம் எனக்குக் கிடைத்தது.

அடக்கம் முடிந்து அவன் மனைவி கிருசாந்தினி என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சை எங்களுக்கு நீங்கள் மட்டுந்தான் அண்ணை. அவருக்கு உங்களிலை அவ்வளவு பட்சம்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.  அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக் கதைக்க என்னால் முடியவில்லை.

தோள்மூட்டு விலகினால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னேன். அதை அப்படியே எழுதுங்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பொட்டலத்துக்கு முன் வேலியோரம் போய் அவனைக் கூப்பிட்டேன்.

"மிது, கெல்மெற்றைக் கழட்டடா. மேலை பார், படம் எடுக்கிறாங்கள்."

கழற்றிக் காலடியில் வைத்தான். கையால் தலைமயிரைச் சரிசெய்து, என்னிடம் காட்டி, சரியா என்று கேட்டான். சரி என்று தலையாட்டினேன்.