பதினோரு மணிக்கு விசாரணை

– அதெல்லாம் வேலைக்காவாது பாப்பா. கமிட்டியாம் கமிட்டி. அஞ்சு பேரு உக்காந்து டீ குடிச்சுட்டு, "தம்பி, இனிமே இப்படிப் பண்ணாதப்பா"ன்னு அனுப்பிடுவாங்க. தோ பாரு, கையைக் காலை உடைச்சுப் போட்டாத்தான் அந்த நாய்க்கு உறைக்கும்.

– மெதுவா பேசுங்க மாமா. இது ஜூஸ் கடை. எதிர்ல எங்க காலேஜ் கேட். இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு என்னைத் தெரிஞ்சவங்க.

– தெரிஞ்சா தெரியட்டும். நீ இன்னா தப்பு பண்ண? எதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கினு உக்காந்திருக்க?

– நான் ஒண்ணும் குனியல. மணி பாக்கறேன். பதினோரு மணிக்கு விசாரணை. பத்தே காலுக்கே சாட்சி வந்துடறதா பேச்சு. பத்தரை ஆவப்போவுது, இன்னும் காணோம்.

– வரும், வரும். பொண்ணுங்கன்னா ரெடியாவ நேரமாவும். இந்தா, மல்லாட்டை, நம்ப நெலத்துக் கடலை. உங்கம்மா வெடியக்காலத்துல எழுந்து அவிச்சுக் குடுத்தனுப்பிச்சுது. "ஒரு வாரமா என் பொண்ணு சரியாத் துன்னலடா குமரேசா"ன்னு ஒரே அழுவை. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் இந்த வெயில்ல வண்டி ஓட்டிக்கினு வந்திருக்கேன், ரெண்டு கொட்டையாவது வாயில போடு.

– வேணாம் மாமா. எறங்காது.

– எப்படி எறங்கும்? எனக்கே எறங்கலையே. தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்போ ஒருத்தன் உன் மேல கை வெச்சிருக்கான். ஜேசிபி ஓட்டறேன், மண்ணை வாரி வாரிக் கொட்டறேன், எல்லாம் அவன் மூஞ்சியிலயே கொட்டறதா நெனைச்சுக்கறேன். மவனே, அப்படியும் ஆத்திரம் அடங்கல.

– உங்களுக்கே அப்படின்னா எனக்கு எப்படி இருக்கும்? நீங்க காலை உடைக்கணும்னு சொல்றீங்க. கால் ரெண்டு மாசத்துல சேர்ந்துடும். மாவுக்கட்டோட நொண்டிக்கினு வந்து எல்லார்கிட்டயும் "அய்யோ பாவம்" வாங்கிக்குவான். எனக்கு அது பத்தாது மாமா. பட்டப்பகல்ல, தோ இந்த கேட் வழியா, கையில ஆர்டரோட அவன் வெளிய போகணும். நான் இந்தப் பக்கம் நின்னு பாக்கணும். இனிமே எந்த ஊருக்குப் போயி எந்த வேலை கேட்டாலும், "அங்கேருந்து ஏன் வந்தீங்க?"ன்னு ஒருத்தன் கேக்கணும். பதில் சொல்ல முடியாம அவன் முழிக்கணும். ஒவ்வொரு ஊர்லயும் முழிக்கணும்.

– அடேங்கப்பா. நம்ப வூட்டு ரத்தம்தான், சந்தேகமே இல்ல.

– அதுக்குத்தான் எட்டுப் பக்கம் எழுதிக் குடுத்திருக்கேன்.

– எட்டுப் பக்கமா! எங்களாண்ட மட்டும் ஒரு வரி சொல்ல மாட்டே. எவன்டி அவன்னு உங்கம்மா கால்ல வுழாத கொறையா கேட்டுச்சு. பேரு சொன்னியா?

– சொல்லக்கூடாது. விசாரணை முடியற வரைக்கும் என் பேரும் வெளிய போகக்கூடாது, அவன் பேரும் போகக்கூடாது, சாட்சி பேரும் போகக்கூடாது. கமிட்டி மேடம் மொத நாளே சொல்லிட்டாங்க. அது மட்டுமில்ல. பேரு தெரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

– இன்னா பண்ணிடுவேன்?

– பக்கத்து நெலத்து ராயப்பனுக்குப் பண்ணீங்களே, அதை. நம்ப வரப்பை வெட்டுனது அவரு. தப்பு முழுக்க அவரு மேலதான். பேசாம மனு குடுத்திருந்தா வரப்பு நம்ப பக்கம் இருந்திருக்கும். நீங்க போயி மண்டையைப் பொளந்தீங்க. அவங்க கவுன்டர் கேஸ் குடுத்தாங்க. ஸ்டேஷன்ல ரெண்டையும் ஒண்ணா வெச்சு, "ரெண்டு பக்கமும் சமாதானமாப் போங்க"ன்னு எழுதி வாங்கிட்டாங்க. இப்ப வரப்பு யாரு கையில இருக்கு?

– அது வேற பாப்பா.

– அதேதான். நீங்க ஒரு அடி அடிச்சாப் போதும், "இவ வூட்டு ஆளுங்களே ரவுடிங்க"ன்னு அவன் கிளம்பிடுவான். கேளுங்க மாமா. தொண்ணூறு நாளுக்குள்ள கமிட்டி விசாரிச்சு முடிச்சே ஆகணும். அதுவரைக்கும் அவன் என் பக்கத்துலயே வரக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டேன். பிரின்சிபால் ஆள் விட்டாரு, "வூட்டுல பெரியவங்களை வெச்சுப் பேசித் தீத்துக்கலாமே"ன்னு. நானா கேட்டாத்தான் சமாதானப் பேச்சு, நீங்க கேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன்.

– பிரின்சிபாலுக்கேவா!

– ஆமா. எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? கோர்ட்டுல இலவச சட்ட உதவின்னு ஒரு ரூம் இருக்குது. மொத தடவை தனியாத்தான் போனேன். கோவிந்தம்மாள்னு ஒரு வக்கீலம்மா. ஒரு மணி நேரம் என் பேச்சைக் கேட்டாங்க, நடுவுல ஒரு தடவைகூட "நீ எதுக்கும்மா அங்க போன?"ன்னு கேக்கல. அதுக்கே அழுதுட்டேன். கமிட்டி ஒரு பக்கம் நடக்கட்டும், போலீசுலயும் குடுன்னாங்க. எந்த ஸ்டேஷன்ல போய்க் குடுத்தாலும் வாங்கணுமாம், எங்க எல்லை இல்லன்னு துரத்த முடியாதாம். லேடி போலீசுதான் எழுதணும். எஃப்ஐஆர் காப்பி ஓசியில குடுக்கணும். இன்னிக்கு சாட்சி வாக்குமூலம் மட்டும் பதிவாகட்டும், சாயந்திரமே மகளிர் ஸ்டேஷனுக்குப் போறோம். விடவே மாட்டேன் மாமா அவனை.

– அந்தப் பொண்ணு சாட்சி சொல்ல வரலைன்னா?

– வரணும். கண்ணால பாத்தது ஒரே ஒரு ஆளுதான். அவன் பேசுனது அத்தனையும் சாட்சியோட போன்லதான் பதிவாயிருக்கு. அது இல்லன்னா நான் சொல்றதுக்கும் அவன் சொல்றதுக்கும் நடுவுல எதுவுமே இல்ல.

– உன்னாண்ட ஒரு காப்பி வெச்சுக்கினு இருக்க வேண்டியதுதானே?

– யாருக்கும் அனுப்பாதீங்க, பரவிடும், போனோட அப்படியே கொண்டாங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க. நேத்து சாயந்திரத்துலேர்ந்து அந்தப் போன் ஸ்விட்ச் ஆஃப். நாப்பது தடவை போட்டிருப்பேன்.

– பயந்துக்கினு வூட்டுக்குள்ள பூந்திருக்கும். வுடு பாப்பா. அது வரலைன்னா ஒண்ணும் குடி முழுவிடாது.

– என்ன மாமா இப்படிச் சொல்றீங்க?

– சொல்றேன். நீ சத்தம் போடக்கூடாது.

– என்ன?

– முடிச்சுட்டேன்.

– எதை?

– அவனைத்தான். நேத்தே. உன் மொகத்தைப் பாத்துச் சொல்லணும்னுதான் இவ்ளோ நேரம் அடக்கிக்கினு இருந்தேன். நீ பேரு சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா? ரெண்டு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை நீ வூட்டுல குளிச்சுக்கினு இருந்த. உன் போன் அடிச்சுக்கினே கெடந்துச்சு, எடுத்தேன். நான் ஹலோன்னு சொல்றதுக்குள்ள அவன் ஆரம்பிச்சுட்டான். "வெண்ணிலா, நாம பேசுன மாதிரியே சொல்லு, ஒரு வார்த்தை மாத்திச் சொல்லாத, மாத்துனா மாட்டிக்குவோம்"ங்கறான். அப்புறம் நீ வந்து போனைப் புடுங்கிக்கினு மாடிக்குப் போயி அழுத. மெரட்டறது எவன்னு கண்டுபுடிக்க இதுக்கு மேல இன்னா வேணும்?

– மாமா, நீங்க யாரைச் சொல்றீங்க?

– வல்லம் பக்கத்துலேர்ந்து வர்றானே, நயினார் வூட்டுப் பையன். உன் போன்ல வந்த பேரை வெச்சு விசாரிச்சுப் புடிச்சேன். நாலு நாள் பின்னாலயே சுத்துனேன். ஜைனருங்களாம், பொழுது சாயறதுக்குள்ள சாப்புட்டு முடிச்சிடற ஜனம் அவங்க. அதனால நாலு மணி அடிச்சா வண்டியைக் கெளப்பிடறான், ஒரு நாள் தப்பறதில்ல. நம்பளுக்கு அது வசதியாப் போச்சு. நானும் என் கூட்டாளி ஆரோக்கியராஜும் மூஞ்சியில துண்டைக் கட்டிக்கினு பனமலை ஏரிக்கரையில மடக்கிட்டோம். சோத்துக் கை, ரெண்டு எடத்துல. ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கல அவன். "எதுக்குண்ணா, எதுக்குண்ணா"ன்னுதான் கேட்டுக்கினு கெடந்தான். எதுக்குன்னு தெரியாதாக்கும்!

– போனு?

– ஏரியில வீசிட்டேன். உன் போட்டோ கீட்டோ வெச்சிருந்தான்னா? ஆழமான எடமாப் பாத்துத்தான் வீசுனேன். பாப்பா? இன்னா அப்படிப் பாக்கறே? சந்தோஷமா இல்லியா?

– அவன்தான் மாமா சாட்சி.

– எவன்?

– அபிஜித். இவ்ளோ நேரம் அவனுக்காகத்தான் உக்காந்திருக்கேன்.

– பொண்ணுன்னு சொன்னியே!

– நீங்கதான் பொண்ணு பொண்ணுன்னீங்க. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. பேரு வெளிய வரக்கூடாதுன்னு வாயை மூடிக்கினு இருந்தேன். என் மேல கை வெச்சது ஸ்டூடண்டே இல்ல மாமா. எங்க லேப் சார். அரங்கநாதன். ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வேணும்னா நாலு மணிக்கு மேல தனியா வான்னாரு. அந்தக் கையெழுத்து இல்லாம பிராக்டிகல் பரீட்சை எழுத முடியாது. போனேன். கதவைச் சாத்திட்டு என் வாயைப் பொத்துனான் அந்த ஆளு. மறந்து வெச்ச லேப் கோட்டை எடுக்கத் திரும்பி வந்த அபிதான் ஜன்னல் வழியாப் பாத்தான். போன்ல பதிவு பண்ணிக்கினே கத்தி ஊரைக் கூட்டுனான். ஆளுங்க வர்றதுக்குள்ள அந்த ஆளு கதவைத் தெறந்துட்டு நல்லவனாட்டம் நின்னுக்கினான். அவன் வரலைன்னா அன்னிக்கு நான் இல்ல மாமா.

– அப்ப, மாத்திச் சொல்லாதேன்னானே?

– நடந்ததை நடந்தபடி சொல்லு, ஒரு வார்த்தை முன்னப்பின்ன ஆனாலும் அந்த ஆளு அதைப் புடிச்சுத் தப்பிச்சுக்குவான்னு வக்கீலம்மா ரெண்டு பேருக்கும் சொன்னாங்க. அதைத்தான் அவன் சொன்னான். அந்த ஆளு என் வாயைப் பொத்துனான். நீங்க எனக்காகப் பேச வந்தவனோட கையை உடைச்சு, என்கிட்ட இருந்த ஒரே ஆதாரத்தை ஏரியில போட்டுட்டு வந்து, மல்லாட்டை உரிச்சுத் துன்னுக்கினு இருக்கீங்க!

– ஐயையோ. பாப்பா, சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.

– கேட்டீங்களா? அடிக்கறதுக்கு முன்னாடி அவனை ஒரு வார்த்தை, யாருடா நீன்னு கேட்டீங்களா? சும்மா இருங்க, போன் வருது. புது நம்பர். கடை இரைச்சல்ல கேக்காது, ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ?

– வெண்ணிலாக்காவா? நான் சாந்தினி. அபிஜித்தோட தங்கச்சி. அக்கா, அண்ணனை நேத்து சாயந்திரம் யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்க. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில இருக்கோம்.

– எப்படி இருக்கான்?

– கை எலும்பு ரெண்டு எடத்துல போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணணுமாம். பிராக்டிகல் எழுத முடியாது. அப்பா பயந்துக்கிட்டு, வண்டியிலேர்ந்து விழுந்துட்டான்னு எழுதச் சொல்லிட்டாரு. ஆனா அண்ணன் மயக்கம் தெளிஞ்சதும் உங்ககிட்டதான் பேசச் சொன்னான். "பதினோரு மணிக்கு வர முடியலைன்னு வெண்ணிலாகிட்ட சொல்லிடு, காத்துக்கிட்டு இருப்பா"ன்னான்.

– சாந்தினி...

– அக்கா, இது அரங்கநாதன் சார் ஆளுங்க வேலைதானே? போன வாரம்தான், "உன் மார்க் என் கையில இருக்கு, சாட்சிக்குப் போனா பாத்துக்கறேன்"னு அண்ணனை மிரட்டியிருக்காரு. காயத்தைப் பாத்துட்டு டாக்டர் சொல்லியனுப்பி, இங்க வார்டுல போலீஸ் வந்து நிக்கறாங்க. யார் மேல சந்தேகம்னு கேக்கறாங்க. நீங்க ஆமான்னு சொன்னீங்கன்னா தைரியமா அவர் பேரைக் குடுத்துடுவோம். சொல்லுங்கக்கா.

– ஒரு நிமிஷம் சாந்தினி. லைன்லயே இரு, மியூட்ல போடறேன்.

– பாப்பா! ஆமான்னு சொல்லு! சாமியாப் பாத்துக் குடுக்குது. அந்த ஆளு நேரா உள்ள போவான். மெரட்டுனதுக்கு அந்தப் பையனே சாட்சி. எங்க மூஞ்சியை ஒருத்தனும் பாக்கல. ஒரே ஒரு வார்த்தை, முடிஞ்சுது அவன் கதை. நீ கேட்டதும் அதானே?

– அதேதான் மாமா. எனக்கு எவ்ளோ ஆசையா இருக்கு தெரியுமா? தொண்ணூறு நாள் வேணாம், கமிட்டி வேணாம், எட்டுப் பக்கம் வேணாம். ஆமான்னு சொன்னாப் போதும். நாக்கு நுனியில நிக்குது.

– சொல்லு, ஜல்தி சொல்லு! அவனை மாதிரி ஆளு எந்தக் கேஸ்ல உள்ள போனா இன்னா?

– அபி?

– அவன் கால்ல நான் வுழறேன். வைத்தியம் மொத்தமும் நான் பாக்கறேன். அவங்க வூட்டுக்குப் போயி, பெரியவங்களை வெச்சுப் பேசித் தீத்துடறேன்.

– பிரின்சிபாலும் இதையேதான் சொன்னாரு.

– என்னையும் அவனையும் ஒண்ணாச் சேக்கறியாடி? உனக்காகப் பண்ணது பாப்பா! எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. உங்கம்மா நெஞ்சு வெடிச்சுப் பூடும். தோ பாரு, நீ வேற எதுனா ஒளறுனா உன் கேஸே பூடும். இவ வூட்டு ஆளுங்க ரவுடிங்கன்னு நீயே சொன்னியே, அதையேதான் அவன் அங்க சொல்லுவான்.

– சொல்லுவான். ரெக்கார்டிங் வேற இல்ல. நான் தோத்தாலும் தோத்துடுவேன்.

– அது தெரிஞ்சுமா?

– அக்கா? லைன்ல இருக்கீங்களா? போலீஸ்காரர் எழுதறதுக்கு நிக்கறாருக்கா.

– இருக்கேன் சாந்தினி. மொதல்ல, விழுந்தான்னு எழுதுனதை மாத்தச் சொல்லு. அடிச்சாங்கன்னு அபி வாயாலயே சொல்லட்டும், அவன் படுத்திருக்கற எடத்துலயே வாக்குமூலம் எழுதணும். எஃப்ஐஆர் காப்பி கேட்டு வாங்கு. யாராவது சமாதானம் பேச வந்தா வெளிய அனுப்பு, யாரா இருந்தாலும் சரி. சாயந்திரம் நான் வக்கீலம்மாவைக் கூட்டிக்கினு வர்றேன்.

– சரிக்கா. அப்ப அரங்கநாதன்னு எழுதச் சொல்லிடவா?

– வேணாம். குமரேசன்னு எழுதச் சொல்லு. வயசு முப்பத்தெட்டு, ஊரு திண்டிவனம், எங்கம்மாகூடப் பொறந்த தம்பி. காலேஜுக்கு எதிர்ல ஜூஸ் கடையிலதான் உக்காந்திருக்காரு, ஆள் அனுப்பச் சொல்லு.