அறுந்து விழாத துண்டு

— அந்த ஃபர்னஸை அப்படி முறைக்காதீங்க. உள்ள தொங்குறது பயந்தே அறுந்துடும்.

— முறைக்கல தாயே, கும்பிடுறேன். நான் வெல்டிங் வெச்ச துண்டு இன்னும் தாங்குதா?

— தாங்குது. கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.

— போன தடவை பாதியிலயே அறுந்துச்சு. பாய்லர் குழாய் வேலையில இருந்து என்னை இறக்கி, கேட்டுக்குக் கொண்டி வைக்க அனுப்பிட்டாங்க. கட்டின புருஷனையே ஃபெயில்னு எழுதின மகராசி இந்த லேப்ல நீ ஒருத்திதான்.

— அறுந்தா அறுந்ததுன்னுதானே எழுத முடியும்?

— வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோட்டீஸ் போர்டுல பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

— வீட்டுல சொன்னா அழுவீங்க.

— நோட்டீஸ் போர்டு முன்னாடியும் அதைத்தான் பண்ணேன். சரி, இப்ப மட்டும் எப்படி நிக்குது? அதே கைதானே?

— வெல்டிங் கம்பி வேற. பழைய கம்பியோட மேல்பூச்சுல குரோமியப் பொடி சரியாக் கலக்கல. வெல்டிங்குக்குள்ள ஒரு இடத்துல குரோமியம் மண்டிக் கிடக்கு, பக்கத்துலயே பஞ்சம்.

— பஞ்சமா இருந்தா?

— அந்த இடம் மிருது. சும்மா பார்த்தா தெரியாது. செக்கச்செவேல்னு காய்ச்சி, எடையைத் தொங்கவிட்டு நாள்கணக்கா வெச்சா, மத்த இடமெல்லாம் தாங்கும். அது மட்டும் துளித்துளியா நீண்டு, அங்கேயே அறும்.

— கல்யாண வீட்டுல என்னை மாதிரி. பொண்ணைப் பெத்தவரே கல்லு மாதிரி நிப்பாரு, நான் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருப்பேன்.

— இந்தத் துண்டு முழுக்க ஒரே கலவை. எவ்வளவு நீளுதுன்னு காட்டுற முள்ளைப் பாருங்க.

— அசையவே மாட்டேங்குதே! பழுதா?

— உங்க வேலைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? ம்... கெடு தாண்டிடுச்சு. பாஸ்!

— ஏய்! நிஜமாவா? பாய்லருக்குத் திரும்பப் போறேனா?

— நாளைக்கே. உங்களுக்கு முன்னாடி ஃபெயிலானவங்களையும் கூப்பிடச் சொல்லிட்டேன். எல்லாருக்கும் புதுக் கம்பி, புது டெஸ்ட்.

— இனிமே எவனாவது என்னைக் கொண்டி வைக்கிறவன்னு கிண்டல் பண்ணிப் பாக்கட்டும்! ஆமா, ஒரு சந்தேகம். அவங்க துண்டு அறுந்தப்ப எல்லாம் கை சரியில்லைன்னுதானே இந்த ஃபேக்டரியே சொல்லுச்சு? என்னோடது அறுந்ததும் மட்டும் கம்பியைப் போய் ஏன் சோதிச்சே?

— அது உங்க கையாச்சே. ஃபெயில்னு எழுதினேனே தவிர, தப்பு உங்க கைமேலன்னு ஒரு நாள்கூட நான் நம்பலை.